மாத்திரை தர மறுத்த மருந்தாளுநர் மீது புகார் கொடுக்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்: வாசகிக்கு வயது 44. மேற்கு மாவட்டம் ஒன்றில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். வாரத்தில் நான்கு நாளாவது ஷிப்டு முடிகிற நேரத்தில் கழுத்தில் தொடங்கி நெற்றிவரை வலிக்கிறது. அதற்கு அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு சமையலைப் பார்க்கிறார். உடன் வசிக்கும் அவருடைய அம்மாவுக்கு வயது 68; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்காகப் பத்து மாதமாகத் தெருமுனை மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் ‘செட்’டைக் காலையும் இரவும் விழுங்குகிறார். வலி நன்றாகக் குறைந்திருக்கிறது என்றும், முகம்கூடப் பூசினாற்போல் ஆகியிருக்கிறது என்றும், சர்க்கரை மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம் அந்தக் கடை பூட்டியிருந்ததால் பேருந்து நிலையத்துக்கு அருகில் புதிதாகத் திறந்த கடைக்குப் போயிருக்கிறார். அங்கே வெள்ளைக் கோட்டு அணிந்த இளம் மருந்தாளுநர், வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைத் தர இயலாது, செட் போட்டுத் தருவதும் இல்லை என்று சொல்லி, ஓர் அட்டை பாராசிட்டமாலை மட்டும் நீட்டியிருக்கிறார். நான்கு பேருக்கு முன்னால் திருடியைப் போல் நிற்க வைத்துவிட்டார் என்பது வாசகியின் வருத்தம். அவர் மீது புகார் கொடுக்கலாமா, பக்கவிளைவே இல்லாத வலி மாத்திரை எது, அம்மாவின் செட்டைத் தொடரலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

இருபத்தாறு ஆண்டுகளாக மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அடுத்த வாரம்வரை காத்திருக்கும்; அது காத்திருக்காது.

அம்மாவின் காகிதப் பொட்டலம்

பெயரும் காலாவதித் தேதியும் தெரியாதபடி அட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகளைக் கடிதத்தை வைத்து யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகளை, அதாவது வலி வியக்கத்தக்க அளவுக்குக் குறைந்ததையும், முகம் பூசினாற்போல் ஆனதையும், சர்க்கரை காரணமின்றி ஏறுவதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கக்கூடும் என்ற சந்தேகம் எனக்கு வலுவாக எழுகிறது. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பார்ப்பதற்கு மிகச் சிறிய, விலையும் மிகக் குறைந்த மாத்திரைகளாகவே இவற்றில் பல இருக்கும். உரிய நோய்க்கு உரிய அளவில் மருத்துவர் தரும்போது உயிர் காக்கும் இம்மருந்து, மூட்டு வலிக்காரரையும் இரண்டே நாளில் எழுப்பி நடக்க வைத்துவிடும் என்பதால்தான் ‘அந்தக் கடைக்காரர் கைராசிக்காரர்’ என்ற பெயர் சில கடைகளுக்குக் கிடைக்கிறது. அம்மாவின் முகத்தில் நீங்கள் காண்பது உடல் தேறியதன் அடையாளமாக இல்லாமல், இந்த மருந்து ஏற்படுத்தும் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். நாளடைவில் எலும்பு மெலியும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், நோய்த்தொற்று எளிதில் பற்றும். கூடவே டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வருவதற்கான ஆபத்து பலமடங்காகும்.

இதைப் படித்தவுடன் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரகங்களின் மேல் குல்லாய் வைத்தாற்போல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இதே வகையான ஹார்மோனை அன்றாடம் சுரப்பவை. மாதக்கணக்கில் வெளியிலிருந்து அது வந்துகொண்டிருந்தால் சுரப்பிகள் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். படிப்படியாகக் குறைப்பதற்கு மருத்துவரின் கணக்கு வேண்டும். எனவே இந்த வாரத்துக்குள் மீதமிருக்கும் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போய், ‘பத்து மாதமாக இதைச் சாப்பிடுகிறார்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தால் மெட்ஃபார்மினின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கிடையில் மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, காய்ச்சலும் வாந்தியும் வந்தாலோ நாள் பார்க்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மறுப்பது அவருடைய உரிமையா?

உரிமை என்பதைவிடக் கடமை என்பதே பொருந்தும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த 1945ஆம் ஆண்டு விதிகளில் ‘அட்டவணை எச்’ என்றொரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன, பாராசிட்டமால் இல்லை. ஆகவே அவர் உங்களுக்கு எதைத் தர மறுத்தாரோ அதை மறுக்க வேண்டியவராகவும், எதை நீட்டினாரோ அதைத் தரலாம் என்ற நிலையிலும் இருந்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடும் வலிக்குத் தரும் ட்ரமடால் என்ற மருந்து 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. அதே போன்ற டாபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி உங்கள் பகுதிச் செய்தித்தாள்களிலேயே படித்திருப்பீர்கள். அதனால் ‘வலி மாத்திரை’ என்ற சொல்லைக் கேட்டதும் இப்போது எங்களில் பலருக்குச் சற்று உடம்பு விறைக்கிறது. அந்த விறைப்பு உங்களைப் போன்றவர்கள் மீதும் விழுந்துவிடுகிறது.

ஆனாலும் உங்கள் வருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி ‘பிரஷர் இருக்கா, மாசத்துல எத்தனை நாள்’ என்று கேட்டது சரியான முறையன்று. இந்திய மருந்தியல் கவுன்சில் 2015இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் எங்கள் பணியின் பகுதியே. மேசையின் ஓரத்துக்கு அழைத்து மெதுவாகப் பேசியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். எங்கள் தொழிலின் பெரிய குறை அதுவும் அல்ல. பல கடைகளில் மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும்; ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி மருத்துவரின் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தர வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர். இத்தனை ஆண்டுகளாக உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் மாத்திரை நறுக்கித் தந்தவர் யார் என்று எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா?

அந்தக் கேள்விகள் எதற்காக?

நீங்கள் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் இரத்தம் உள்ளே வர ஒரு குழாயும் வெளியே போக ஒரு குழாயும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அழுத்தத்தால்தான் வடிகட்டல் நடக்கிறது. டெல்மிசார்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு நீரைப் பிரித்து வெளியேற்றி வரும் இரத்தத்தின் அளவைக் குறைக்கிறது. இவ்விரண்டையும் உடல் சமாளித்துக்கொள்ளும். மூன்றாவதாக அசெக்ளோஃபெனாக் வந்து உள்ளே வரும் குழாயையும் சுருக்கினால், வரவும் குறைந்து வடிகட்டும் அழுத்தமும் இறங்கி, சிறுநீரகம் சட்டென்று மந்தமாகிவிடலாம். உடலில் நீர் வற்றியிருந்தால் இது இன்னும் எளிதில் நடக்கும். இடைவேளையில் கழிப்பறை வரிசையில் நிற்க அஞ்சி ஷிப்டு முழுவதும் ஒரு பாட்டில் தண்ணீரைக்கூட முடிக்காத கம்பெனிப் பெண்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால், சித்திரை மாத வெயிலில் அந்த ஒரு மாத்திரைகூடச் சிறிய மாத்திரை அல்ல. இந்த வகை வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தையும் ஏற்றி, அழுத்த மாத்திரையின் வேலையை மழுங்கடிக்கும்; கடந்த ஓராண்டில் உங்கள் அழுத்தம் கட்டுக்குள் வராமல் மாத்திரையின் அளவை ஏற்றியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்துக் காடுகளைப் பற்றிய செய்தி ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட, உங்கள் அசெக்ளோஃபெனாக்கின் வகையையே சேர்ந்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து இந்தியா முழுவதும் அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் எஞ்சியவற்றின் முக்கியப் புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல் அவ்வளவு எளிதில் உடையாது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இந்த வகை மருந்துக்கும் சிறுநீரகத்துக்கும் இருக்கும் பகை கற்பனையும் அன்று.

பக்கவிளைவே இல்லாத மாத்திரை

அப்படி ஒன்று இல்லை. இருந்தால் நான்தான் முதலில் விற்பேன். ‘கேஸ் மாத்திரை சேர்த்துப் போடுகிறேன், அதனால் ஒன்றும் செய்யாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பான்டோபிரசோல் போன்றவை இரைப்பைக்குத் தரும் பாதுகாப்பு உண்மையானது, ஆனால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அவை காவல் இருப்பதில்லை. ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குத் தொல்லை இல்லை என்பதும் பிழையான நம்பிக்கை, ஏனெனில் இம்மருந்து பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகவே இரைப்பைச் சுவரைப் பலவீனப்படுத்துகிறது. ‘அது காய்ச்சல் மாத்திரை’ என்று நீங்கள் முகம் சுளித்த பாராசிட்டமால்தான் உங்கள் நிலையில் இருப்பவருக்கு முதலில் கைக்கொள்ள வேண்டிய வலி மாத்திரை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில் போடலாம். நீங்களாகச் சாப்பிடும்போது நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் உடல் மிக மெலிந்தவர்களுக்கும் இதைவிடக் குறைவு. சளி மாத்திரைகளிலும், நீங்கள் இதுவரை போட்டுவந்த கூட்டு மாத்திரையிலும் இதே பாராசிட்டமால் இருப்பதால், இரண்டையும் ஒருசேரப் போட்டால் கணக்கு உங்களுக்குத் தெரியாமலே ஏறிவிடும்.

அம்மாவின் முழங்காலுக்குப் பாராசிட்டமாலின் பலன் சிறிதளவுதான். தேய்மானத்தால் வரும் வலியென்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் போன்ற பூச்சு மருந்தும் தொடைத் தசைக்கான பயிற்சியும் முன்னால் நிற்கின்றன. தோலில் தடவும்போது இரத்தத்தில் சேரும் மருந்து மிகக் குறைவு. தடவிப் பார்த்தோம், கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் ஒரு பட்டாணி அளவை ஒரு வேளை தேய்த்துவிட்டு விட்டவர்கள். மூட்டைச் சுற்றிலும் படும்படி, உறையில் சொன்ன அளவில், நாளுக்கு மூன்று நான்கு முறை ஓரிரு வாரம் தடவிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும். அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனை முடிவு வந்தபின் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடிக்கும் பயிற்சியை இன்றே தொடங்கலாம். 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்; உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் அம்மாவின் பெயரைச் சொல்லி வையுங்கள்.

உங்கள் தலைவலி

வாரம் நான்கு நாள் என்றால் மாதத்துக்குப் பதினாறு, பதினேழு நாள். தலைவலிக்குப் பாராசிட்டமால் போன்ற தனி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியைத் தூண்டத் தொடங்கிவிடலாம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள். இளம் மருந்தாளுநர் ‘மாதத்தில் எத்தனை நாள்’ என்று கேட்டது இதற்காகத்தான். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இதை விட்டால் முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடித்தான் பிறகு இறங்கும் என்பதால் மருத்துவரின் துணையோடு நிறுத்துவது நல்லது. இனி வலி மாத்திரை, எதுவாக இருந்தாலும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். அடுப்படிச் சுவரில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்கும் அல்லவா, அந்தக் கட்டத்திலேயே மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளே மருத்துவருக்குப் பாதி கதையைச் சொல்லிவிடும்.

என் கடைக்கு இதே வலியோடு வருகிற டெய்லர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஊசியில் நூல் கோக்கும்போது கையைத் தள்ளிப் பிடிக்கிறீர்களா? நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. கண்ணாடி போட்டால் வயதானவள் என்று சொல்வார்கள் என்று தள்ளிப்போட்டு, குனிந்து குனிந்து தைத்துக் கழுத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் கண்பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பரிசோதனைக்கு ஒரு மணிநேரம்தான் ஆகும். கூடவே அன்று இரத்த அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள்.

மருந்தாளுநர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

நோயைக் கண்டறிவது எங்கள் வேலை அன்று. சுளுக்கு, உடல் அசதி, பல் வலி, மாதவிடாய் வலி போன்றவற்றில் ஓரிரு நாளுக்கு வழி சொல்லலாம். அதற்கு மேல் எங்கள் திறமை, யாருக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது என்று கண்டுகொள்வதில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து இடத்தோளில் தடவ ஜெல் கேட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. ஜெல்லை எடுக்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன்; அது மாரடைப்பு. நெஞ்சு, தாடை, இடக்கை வலியோடு வியர்வை, வாழ்நாளில் காணாத தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, முதுகு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு போதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடைப் படியேறாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் போனால் ஒருநாள் கூலியும் போகும், ஃபீஸும் போகும் என்ற உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு, உங்கள் வருமானத்தைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குவதால் ஷிப்டு முடிந்தும் போகலாம். சீட்டு எழுதி வாங்கியபின் குறைந்த விலைக்கு, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களையும் பாருங்கள்.

புகார் கொடுப்பதானால்

உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடமோ, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநரிடமோ எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தில் எந்தக் கடையின் பெயரை எழுதுவது என்பதை அம்மாவின் பரிசோதனை முடிவு வந்த பிறகு யோசியுங்கள். தெருமுனைக் கடைக்காரர் உங்கள் குடும்பத்துக்குப் பல ஆண்டுப் பழக்கம் என்று எழுதியிருப்பதால் உடனே புகார் கொடுங்கள் என்று நான் தள்ள மாட்டேன். குறைந்தபட்சம், மருத்துவர் படிப்படியாகக் குறைக்கும் வழி சொன்ன பிறகு செட் வாங்குவதை நிறுத்தி, ஏனென்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். மருந்தால் வந்த தீங்கை யார் மீதும் குற்றம் சாட்டாமல் தெரிவிக்க மட்டும் விரும்பினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நோயாளியே அழைத்துச் சொல்லலாம்.

புதுக் கடைக்கு இன்னொரு முறை போங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் காலியானவை உட்பட ஒரு பையில் போட்டு, காலண்டர் தாளையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் போனால் கூட்டம் இருக்காது.